மொரிசியஸ்: ஆளில்லாத தீவில் ஒரு சமூகம் உருவான கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மொரிசியஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வெள்ளை மணலும் தேனிலவுப் பயணமும் தைப்பூசக் காவடியும்தான். அந்தத் தீவின் வரலாற்றைப் பேச ஆரம்பித்தால் தமிழ் வாசகர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை ஓரிடத்தில் சேர்த்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

மொரிசியஸின் பூர்வகுடிகள் யார்?

யாருமில்லை. அரபு மாலுமிகளுக்கு இந்தத் தீவு தெரிந்திருந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியக் கப்பல்களும் வந்துபோயின. ஆனால் யாரும் குடியேறவில்லை. 1598இல் டச்சுக்காரர்கள் இறங்கியபோது கருங்காலிக் காடும் ஆமைகளும் பறவைகளும்தான் இருந்தன. தங்கள் இளவரசர் மொரிஸின் பெயரை அவர்கள்தான் தீவுக்கு வைத்தார்கள்.

மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். கரீபியத் தீவுகளில் ஐரோப்பியர்கள் ஏற்கெனவே இருந்த மக்களை அழித்துவிட்டுத் தோட்டம் போட்டார்கள். மொரிசியஸில் அழிக்க யாரும் இல்லை, அதனால் சமூகத்தையே கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். யார் வர வேண்டும், எத்தனை ஆண், எத்தனை பெண், எந்தத் துறைமுகத்திலிருந்து என்பதெல்லாம் துறைமுகத்தின் தேவையையும் தோட்டத்தின் தேவையையும் வைத்து முடிவானது. இன்று அங்கே இருக்கும் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும், அதன் கதை ஒரு கப்பலில்தான் தொடங்கும்.

டோடோவை டச்சுக்காரர்கள் தின்றே தீர்த்துவிட்டார்களாமே?

தின்றார்கள், ஆனால் ருசித்துத் தின்றதாகத் தெரியவில்லை. அவர்கள் அதற்கு வைத்த பெயரின் பொருளே 'குமட்டும் பறவை'. பெரிய சேதம் செய்தவை கப்பலோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும். தரையில் முட்டையிடும் பறக்காத பறவை அவற்றிடமிருந்து தப்ப வழியில்லை. 1662க்குப் பிறகு டோடோவைப் பார்த்ததாக உறுதியான பதிவு கிடையாது.

டச்சுக்காரர்களின் குடியேற்றம் 1638இல் தொடங்கியது. நடுவில் ஒருமுறை கைவிட்டுத் திரும்ப வந்து, 1710இல் அடியோடு போய்விட்டார்கள். சில நூறு பேருக்கு மேல் அவர்கள் ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் போகும்போது இரண்டு விஷயங்களை விட்டுப்போனார்கள். ஒன்று, 1639இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த கரும்பு. இன்னொன்று, மடகாஸ்கரிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரும் வழக்கம். அந்த அடிமைகளில் பலர் காட்டுக்குள் ஓடினார்கள். இந்தத் தீவைத் தாங்களாகத் தேர்ந்துகொண்டு வாழ்ந்த முதல் மனிதர்கள் என்று அவர்களைத்தான் நான் சொல்வேன்.

முதலில் வந்த தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகள்தானே?

இல்லை. நம்மவர்களே பெரும்பாலும் இப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1715இல் பிரெஞ்சுக்காரர்கள் தீவை உரிமைகொண்டாடி 'பிரான்ஸ் தீவு' என்று பெயரிட்டார்கள். 1721இல் பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி குடியேற்றத்தைத் தொடங்கியது. 1735இல் ஆளுநராக வந்த மாஹே தெ லா பூர்தொனே போர்ட் லூயிஸைத் துறைமுக நகரமாக்க நினைத்தார். கோட்டை, மருத்துவமனை, கிடங்கு, நீர்க்கால் என்று எல்லாவற்றையும் கட்ட வேண்டும். அதற்குக் கை தேர்ந்த கொத்தனார்களும் தச்சர்களும் கொல்லர்களும் வேண்டும். கம்பெனியின் இன்னொரு ஊரான புதுச்சேரியிலிருந்து அவர்களை வரவழைத்தார்கள். இவர்கள் சம்பளத்துக்கு வந்த சுதந்திர மனிதர்கள். பிறகு வணிகர்களும் வந்தார்கள். போர்ட் லூயிஸின் கிழக்கு ஓரத்தில் இவர்கள் வாழ்ந்த பகுதிக்கு 'மலபார் முகாம்' என்று பெயர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களையும் பிரெஞ்சுக்காரர்கள் 'மலபார்' என்றுதான் அழைத்தார்கள். பக்கத்துத் தீவான ரீயூனியனில் தமிழ் வம்சாவளியினருக்கு இன்றும் 'மல்பார்' என்றே பெயர்.

அதே காலத்தில், அதே கரையிலிருந்து, தமிழர்கள் அடிமைகளாகவும் கொண்டுபோகப்பட்டார்கள். இதை நாம் பேசுவதே இல்லை. மொரிசியஸ் அடிமைகளில் பெரும்பாலோர் மடகாஸ்கர், மொசாம்பிக் பகுதிகளைச் சேர்ந்தவர்கள்தான். என்றாலும் இந்தியாவிலிருந்து வந்த அடிமைகளும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களின் சந்ததி இன்று, பெரும்பாலும் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களோடு கலந்துவிட்டது. கூலிக்குப் போன தமிழனை நினைவில் வைத்திருக்கும் நாம், விற்கப்பட்ட தமிழனை மறந்துவிட்டோம்.

இன்னொரு தொடர்பும் உண்டு. 1746இல் சென்னையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தாரே, அந்தத் தளபதி இதே லா பூர்தொனேதான். அவருடைய படைக்கப்பல்கள் தயாரான இடம் இந்தத் தீவு.

அடிமை வாழ்க்கை எப்படி இருந்தது?

18ஆம் நூற்றாண்டின் முடிவில் தீவின் மக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அடிமைகள். இந்த ஒரு விகிதத்தை வைத்தே மீதியை ஊகிக்கலாம். அவ்வளவு பேரை அடக்கி வைக்கப் பயம் தேவைப்பட்டது. 1723ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓடிப்போய் ஒரு மாதத்துக்கு மேல் மறைந்திருந்த அடிமைக்குக் காதை அறுத்து, தோளில் சூடு போட வேண்டும். இரண்டாம் முறை ஓடினால் பின்கால் நரம்பை வெட்ட வேண்டும். மூன்றாம் முறைக்கு மரணம்.

அப்படியும் ஓடினார்கள். தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு நிற்கும் லெ மோர்ன் மலை அவர்களின் ஒளிவிடம். 1835இல் விடுதலைச் செய்தியைச் சொல்லப் போலீசார் மலையேறியபோது, பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்து அவர்கள் உச்சியிலிருந்து குதித்தார்கள் என்று ஒரு வாய்வழிக் கதை உண்டு. ஆவணச் சான்று உண்டா இல்லையா என்பதைத் தாண்டி, ஒரு மக்கள் கூட்டம் தங்கள் துக்கத்தை எங்கே வைத்திருக்கிறது என்பதை அந்தக் கதை காட்டுகிறது. 2008இல் யுனெஸ்கோ அந்த மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பிரெஞ்சுப் புரட்சி அடிமைமுறையை ஒழித்ததே? தீவில் என்ன நடந்தது?

1794இல் பாரிஸ் ஒழித்தது. தீவின் முதலாளிகள் ஏற்கவில்லை. 1796இல் சட்டத்தை அமல்படுத்த வந்த இரண்டு அரசுப் பிரதிநிதிகளைத் திருப்பிக் கப்பலேற்றிவிட்டார்கள். 1802இல் நெப்போலியனே அடிமைமுறையைச் சட்டபூர்வமாக்கிவிட்டதால் அவர்கள் கவலையும் தீர்ந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் எதுவும் இந்தத் துறைமுகத்தில் இறங்கவில்லை.

150 ஆண்டுக்கு மேல் ஆங்கிலேயர் ஆண்ட நாட்டில் ஏன் எல்லோரும் பிரெஞ்சு பேசுகிறார்கள்?

1810 டிசம்பரில் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தார்கள். அந்தப் படையில் சென்னையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த சிப்பாய்களும் இருந்தார்கள். சரணடைந்த ஒப்பந்தத்திலேயே, குடியிருப்பவர்களின் சொத்து, சட்டம், மதம், வழக்கம் எல்லாம் அப்படியே இருக்கும் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆங்கிலேயருக்குத் தேவைப்பட்டது இந்தியாவுக்குப் போகும் கடல்வழியின் பாதுகாப்பு. நிலமும் ஆலையும் பத்திரிகையும் தேவாலயமும் பிரெஞ்சுக் குடும்பங்களிடமே இருந்தன. ஆகவே அரசாங்கக் காகிதம் ஆங்கிலத்திலும் வாழ்க்கை பிரெஞ்சிலும் நடந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

'சொத்து' என்பதில் அடிமைகளும் அடக்கம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1807லேயே பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்திருந்தது. முதல் ஆங்கில ஆளுநரான ஃபார்கரின் காலத்தில் அது கள்ளத்தனமாகத் தொடர்ந்தது.

அடிமைகள் விடுதலையானதும் ஏன் தோட்டத்திலேயே கூலிக்கு வேலை செய்யவில்லை?

1835 பிப்ரவரி 1இல் விடுதலை என்று அறிவித்தார்கள். நஷ்டஈடாகச் சுமார் 20 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள், அதுவும் முதலாளிகளுக்கு. 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகளுக்கு ஒரு காசோ ஒரு துண்டு நிலமோ கிடைக்கவில்லை. அதோடு 'பயிற்சித் தொழிலாளி' என்ற பெயரில் அதே முதலாளியிடம் இன்னும் சில ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்றார்கள். 1839இல் அதுவும் முடிந்த மறுகணம் பெரும்பாலோர் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். கடலோரம் போய் மீன் பிடித்தார்கள், கைத்தொழில் செய்தார்கள், யாருக்கும் தேவைப்படாத நிலத்தில் கிழங்கு போட்டார்கள்.

இதைச் 'சோம்பேறித்தனம்' என்று முதலாளிகள் எழுதிவைத்தார்கள். வருத்தம் என்னவென்றால், அந்தச் சொல்லைப் பின்னால் வந்த இந்தியர்களில் பலரும் நம்பினார்கள். தன்னை அடித்த வயலுக்கே திரும்பிப் போகாதவனைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம்.

ஒப்பந்தக் கூலிமுறை இன்னொரு அடிமைமுறைதானே?

ஆம் என்று சொல்லிவிடத் தோன்றும். நான் அப்படிச் சொல்வதில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டு பேரின் கதையும் மங்கிப்போகும்.

1834 நவம்பர் 2இல் 'அட்லஸ்' என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 பேர் வந்து சேர்ந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறக்குறைய நாலரை லட்சம் இந்தியர்கள் இப்படி வந்தார்கள். பெரும்பகுதி போஜ்புரி பேசும் பகுதியிலிருந்து, கணிசமானோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து, கொஞ்சம் பேர் பம்பாயிலிருந்து. போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் அவர்கள் ஏறிய 16 கல்படிகள் இன்றும் இருக்கின்றன. ஆப்ரவாசி காட் என்ற அந்த இடமும் உலகப் பாரம்பரியச் சின்னம்தான்.

கையில் ஒப்பந்தம் இருந்தது, கெடு இருந்தது, கூலியும் இருந்தது. ஆணுக்கு மாதம் 5 ரூபாய், அரிசி, பருப்பு, உப்பு. அடிமைக்கு இதில் எதுவும் கிடையாது. அவன் பிள்ளையும் அடிமையாகவே பிறந்தது.

ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியதும் வயலில் நடந்ததும் வேறு வேறு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிப்பார்கள். 'இரட்டை வெட்டு' என்று அதற்குப் பெயர். மாதம் முழுக்க உழைத்தவன் கடன்காரனாக நின்ற கதை இதனால்தான். 1850களின் தொடக்கத்தில் ஊர் திரும்பும் இலவசக் கப்பல் பயணத்தையும் நிறுத்திவிட்டார்கள். இலங்கையிலும் மலாயாவிலும் கங்காணி என்றால் இங்கே 'சிர்தார்': முதலாளிக்கு முன்னால் குனிவார், கூலிக்கு முன்னால் நிமிர்வார்.

ஒப்பந்தம் முடிந்தவர்களையும் நிம்மதியாக விடவில்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் முடித்த இந்தியர் தன் புகைப்படம் ஒட்டிய அனுமதிச்சீட்டை எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் தெருவில் அகப்பட்டால் 'நாடோடி' என்று சிறை. திரும்பவும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பதே மேல் என்று அவர்களை நினைக்க வைப்பதுதான் நோக்கம். அதே ஆண்டுகளில் மலேரியா பரவிப் பல்லாயிரம் பேரைக் கொன்றது. வசதியானவர்கள் போர்ட் லூயிஸை விட்டுக் கூர்பீப் மேட்டுநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அனுமதிச்சீட்டுக்காரர்களுக்கு எங்கே போக முடியும்?

1871இல் அடோல்ஃப் தெ பிளெவிட்ஸ் என்ற வெள்ளைக்காரர் இந்தக் கொடுமைகளை மனுவாக எழுதினார். 9 ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் அதில் பெயர் வைத்தார்கள். தெ பிளெவிட்ஸ் தெருவில் வைத்து அடிக்கப்பட்டார், அவரை நாடுகடத்தச் சொல்லி முதலாளிகள் கோரினார்கள். ஆனாலும் லண்டனிலிருந்து விசாரணைக் குழு வந்தது. 1875இல் வந்த அதன் அறிக்கை, மனு சொன்னதைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. அந்த 9 ஆயிரம் பேரில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சீட்டைக் காட்டாமல் தெருவில் நடக்க முடியாத ஒருவர், அரசாங்கத்துக்கு எதிரான மனுவில் தன் பெயரைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

கல்லைப் புரட்டினால் தங்கம் கிடைக்கும் என்று சொல்லி ஏமாற்றிக் கூட்டிப்போனார்கள் என்பது உண்மையா?

மொரிசியஸ் இந்தியக் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை அது. கல் மட்டும் ஏராளமாக இருந்தது. எரிமலைத் தீவு என்பதால் நிலம் முழுக்கக் கருங்கல். வெறுங்கையால் பொறுக்கி, சுமந்து, குவித்த பிறகுதான் கரும்பு நட முடியும். இன்றும் கரும்பு வயல்களுக்கு நடுவே அந்தக் கற்குவியல்கள் சிறு கோபுரங்கள் போல நிற்கின்றன.

கூலிகளாக வந்தவர்கள் எப்படி நிலம் வாங்கினார்கள்?

19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சர்க்கரை விலை விழுந்தது. ஐரோப்பாவில் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பணமுடையில் இருந்த முதலாளிகள் ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டுத் தவணைக்கு விற்றார்கள். இந்தியக் குடும்பங்கள் சேர்த்த காசையும் நகையையும் போட்டு வாங்கின. அந்தத் துண்டு நிலத்திலிருந்துதான் பள்ளிக்கூடம், அரசு வேலை, அரசியல் எல்லாம் வந்தன. நல்ல நிலமும் ஆலையும் முதலாளிகளிடமே தங்கின.

கிரியோல் என்பது உடைந்த பிரெஞ்சா?

இல்லை, அது முழுமையான ஒரு மொழி. இந்தத் தீவு உண்டாக்கியவற்றிலேயே அழகானது என்று அதைத்தான் சொல்வேன். மடகாஸ்கரின் மலகாசி பேசுபவரும் மொசாம்பிக் மொழி பேசுபவரும் தமிழரும் ஒரே வயலில் நின்று, முதலாளியின் பிரெஞ்சுச் சொற்களை எடுத்துத் தங்கள் வசதிக்கு வேறு இலக்கணம் போட்டார்கள். 'மோ பே அலே' என்றால் நான் போய்க்கொண்டிருக்கிறேன். வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறாது. பிரெஞ்சில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் தனியாக நிற்கும் சிறு சொல் இங்கே அதோடு ஒட்டிவிட்டது: வீடு 'லாகாஸ்', தண்ணீர் 'திலோ', அரிசி 'திரி'.

காய்கறிக் கடைக்குப் போனால் நமக்கு ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. பீர்க்கங்காய் அங்கே 'பிபங்காய்'. கறிவேப்பிலை 'கரிபூலே'. முருங்கைக்கீரை 'பிரேத் முருங்', ரசம் 'ரசோன்'. சென்னை மாகாணத்தைக் கண்ணால் பார்த்திராத மக்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர் உட்பட, தினமும் வாயில் புழங்கும் சொற்கள் இவை. வாழையிலையில் பரிமாறும் 'ஏழு கறி' விருந்தும் எல்லோருக்கும் பிடித்தமானது.

அடிமைகளின் பாட்டும் ஆட்டமுமான சேகாவைப் பாதிரியார்களும் முதலாளிகளும் கேவலமாகப் பார்த்தார்கள். ஆட்டுத்தோல் போர்த்திய ரவான் பறையைத் தீயில் காய்ச்சி அடிப்பார்கள், நம்மூர்ப் பறையைக் காய்ச்சுவது போலவே. இன்று அதுதான் தேசிய இசை. ஆனால் பெரும்பாலோரின் தாய்மொழியான கிரியோல் பள்ளியில் ஒரு பாடமாக 2012இல்தான் நுழைந்தது.

அங்குள்ள தமிழர்கள் தமிழ் பேசுவார்களா?

வீட்டில் பெரும்பாலும் கிரியோல்தான். சிலர் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். தேவாரமும் கந்த சஷ்டி கவசமும் கோயிலில் கேட்கலாம். தைப்பூசம் அரசு விடுமுறை. பெயர்கள் குடியேற்ற அலுவலக எழுத்தரின் காதில் விழுந்தபடி நிலைத்துவிட்டன: சுப்ரமணியன் 'சூப்ரமானியென்' ஆனார்.

பேசாத மொழிதானே என்று யாரும் நினைக்க வேண்டாம். மொரிசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் உண்டு. 1998இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி நாகரி எழுத்தை முன்னே வைத்தபோது தமிழர்கள் எதிர்த்தார்கள். மத்திய வங்கி அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றது.

இன்றைய மொரிசியஸ் எல்லோருக்கும் சமமான நாடுதானா?

1968 மார்ச் 12இல் சுதந்திரம், 1992இல் குடியரசு, ஒழுங்காக நடக்கும் தேர்தல்கள். பாராட்ட நிறைய இருக்கிறது. ஆனால் பழைய தோட்டக் கணக்குப் புத்தகத்தின் நிழல் அரசியலமைப்பிலேயே விழுந்திருக்கிறது. அது மக்களை இந்து, முஸ்லிம், சீனர், 'பொது மக்கள்' என்று நான்காகப் பிரிக்கிறது. முதல் மூன்றிலும் சேராதவர்கள் எல்லோரும் நான்காவது. அதாவது அடிமையின் பேத்தியும் அடிமையை வைத்திருந்தவரின் பேத்தியும் ஒரே பெட்டியில். ஒருத்திக்கு மட்டும்தான் நிலம் இருக்கிறது. தேர்தலில் வென்ற 62 பேர் போக, சமூகங்களுக்கிடையே சமநிலைக்காக 8 இடங்கள் வரை இந்தப் பிரிவுகளை வைத்தே நிரப்புகிறார்கள். ஆனால் 1972க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கில் சமூகம் கேட்கப்படவே இல்லை.

கிரியோல் மக்கள் இன்னமும் பின்தங்கியே இருக்கிறார்கள். 1999 பிப்ரவரியில் அவர்களின் அன்புக்குரிய பாடகர் காயா போலீஸ் காவலில் இறந்தபோது நாடு பல நாள் கொந்தளித்தது. பின்னர் அமைக்கப்பட்ட உண்மைக்கும் நீதிக்குமான ஆணையம் அடிமைமுறையையும் கூலிமுறையையும் சேர்த்தே ஆராய்ந்து 2011இல் அறிக்கை தந்தது. அடிமைகளின் சந்ததிக்கு நிலம் வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் முடிந்த கதை அல்ல. இந்திய வம்சாவளியினர் உழைத்து முன்னேறிய கதையை நாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். அவர்களுக்கு வாங்க ஒரு துண்டு நிலமாவது கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாகோஸ் தீவுகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மொரிசியஸின் ஆட்சியில் இருந்த தீவுக்கூட்டம் அது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேங்காய்த் தோட்டங்களுக்காக அடிமைகளைக் கொண்டுபோனார்கள், பின்னால் சில இந்தியர்களும் போனார்கள். அங்கேயே ஒரு மக்கள் உருவானார்கள். 1965இல் பிரிட்டன் 30 லட்சம் பவுண்டு கொடுத்துச் சாகோஸைப் பிரித்து எடுத்தது. அந்தக் கூட்டத்தின் பெரிய தீவான தியேகோ கார்சியாவை அமெரிக்க ராணுவத் தளத்துக்காக ஆளில்லாத் தீவாக்க வேண்டும் என்று, 1968க்கும் 1973க்கும் இடையில் சுமார் 1,500 பேரை வெளியேற்றினார்கள். வளர்ப்பு நாய்களைப் புகையடைத்துக் கொன்றார்கள். ஆளில்லாத தீவில் மனிதர்களை இறக்கியதும் ஐரோப்பியர்கள், இருந்த மனிதர்களைத் துடைத்து ஆளில்லாததாக்கியதும் ஐரோப்பியர்கள்.

2019இல் சர்வதேச நீதிமன்றம் அந்தப் பிரிவினை சட்டப்படி நடக்கவில்லை என்று கருத்துச் சொன்னது. 2025 மே மாதம் இறையாண்மையை மொரிசியஸுக்குத் தரும் உடன்படிக்கை கையெழுத்தானது. தளம் இருக்கும் தியேகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுக் குத்தகைக்கு. தங்களைக் கேட்காமலேயே பேசி முடித்தார்கள் என்று சாகோஸ் மக்களில் பலர் சொல்கிறார்கள்.

எங்கள் முன்னோர் ஒருவர் மொரிசியஸ் போனதாகச் சொல்வார்கள். தேட முடியுமா?

முடியும். மோகா ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம், உயரம், உடலில் உள்ள அடையாளம், கப்பலின் பெயர் எல்லாம் எழுதியிருப்பார்கள். பிற்காலத்தில் வந்தவர்களுக்குப் புகைப்படமும் உண்டு. ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டலில்தான் சிக்கல். தந்தை பெயரும் பழைய தாலுகாவும் தெரிந்தால் தேடல் சுலபமாகும். இந்தப் பதிவேட்டைப் பார்த்து நம்மூர்களுக்கு உறவு தேடி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

அதே ஊரில் பக்கத்து வீட்டு கிரியோல் குடும்பம் இப்படித் தேடினால், 1815க்குப் பிறகு ஆங்கிலேயர் எடுத்த அடிமைப் பதிவேடுதான் பெரும்பாலும் கிடைக்கும். அதில் முதலாளி வைத்த ஒற்றைப் பெயர் இருக்கும், சில நேரம் ஒரு மாதத்தின் பெயர். பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'மொசாம்பிக்' என்று மட்டும் எழுதியிருக்கும். ஊர்ப்பெயரும் தகப்பன் பெயரும் இருக்காது.